அணு மின்சாரத்தில் செவ்வாய்ப் பயணம்: 39 நாள் கணக்கும் கிலோ கணக்கும்

"39 நாளில் செவ்வாய்!" விண்வெளிச் செய்திகள் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்தத் தலைப்பை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். கோஸ்டா ரிக்காவில் பிறந்து, நாசாவின் விண்வெளி ஓடத்தில் ஏழு முறை பறந்த ஃபிராங்க்ளின் சாங் டியாஸின் வாசிமர் என்ற பிளாஸ்மா எஞ்சினைப் பற்றிய செய்தி அது. ஆறு முதல் ஒன்பது மாதம் பிடிக்கும் பயணம் ஆறு வாரத்துக்குள் முடியும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

அந்தச் செய்திகளில் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஒரு விவரம் உண்டு. அவ்வளவு வேகத்துக்கு 200 மெகாவாட் மின்சாரம் வேண்டும். அதைத் தயாரிக்கும் கருவி, ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் ஒரு கிலோ என்ற அளவில் லேசாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒரு அணு மின் நிலையத்தை இதுவரை யாரும் கட்டியதில்லை.

இது தெரிந்ததும் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடுகின்றன. "எல்லாம் கற்பனை, ஏமாற்று வேலை" என்பது ஒரு கட்சி. "தொழில்நுட்பம் தயார், அணு என்றாலே அலறுகிறவர்கள்தான் தடுக்கிறார்கள்" என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேருமே பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். அணு மின்சாரத்தில் ஓடும் விண்கலம் நல்ல யோசனை, இயற்பியல் அதற்கு இடம் கொடுக்கிறது. அதை அறுபது வருடமாக எழவிடாமல் வைத்திருப்பது வேறு ஒரு பழக்கம்: பெரிதாக அறிவிப்பது, சில வருடம் செலவழிப்பது, பிறகு பாதியில் நிறுத்துவது.

அப்படி என்ன அவசரம்?

முதலில் வேகம் எதற்கு என்று பார்த்துவிடலாம். பூமியும் செவ்வாயும் பயணத்துக்கு வசதியாக அமைவது 26 மாதத்துக்கு ஒரு முறைதான். குறைந்த எரிபொருளில் போகும் பாதையில் ஒரு வழிக்கே எட்டரை மாதம் ஆகும். போய்ச் சேர்ந்தவுடன் திரும்பவும் முடியாது. பூமி சரியான இடத்துக்கு வரும்வரை செவ்வாயிலேயே ஒன்றரை வருடம் போலக் காத்திருக்க வேண்டும். ஆக மொத்தம் இரண்டரை வருடத்துக்கு மேல். இதுவரை ஒரே பயணத்தில் அதிக நாள் விண்வெளியில் இருந்தவர் ரஷ்யாவின் வலேரி பொல்யகோவ். 1994-95ல் மீர் நிலையத்தில் அவர் தங்கியது 437 நாள். அதுவும் பூமிக்குப் பக்கத்தில்தான். ஏதாவது ஒன்று என்றால் சில மணி நேரத்தில் தரைக்குத் திரும்பிவிடலாம் என்ற தூரம்.

அடுத்தது கதிர்வீச்சு. கியூரியாசிட்டி ஊர்தி 2011-12ல் செவ்வாய்க்குப் போகும் வழியிலேயே, உள்ளே இருந்த ஒரு கருவி கதிர்வீச்சை அளந்துகொண்டு போனது. 2013ல் முடிவு வெளியானது: ஒரு நாளைக்குச் சுமார் 1.8 மில்லிசீவர்ட். போக 180 நாள், வர 180 நாள் என்று வைத்தால் பயணத்தில் மட்டும் சுமார் 650 மில்லிசீவர்ட் ஆகிறது. நாசா 2022ல் ஒரு விண்வெளி வீரரின் வாழ்நாள் முழுமைக்கும் வைத்த வரம்பு 600 மில்லிசீவர்ட். செவ்வாயில் கால் வைக்கும் கணக்கைச் சேர்க்காமலேயே வரம்பு தாண்டிவிடுகிறது!

கப்பலின் சுவரைத் தடிமனாக்கினால் போதாதா என்று தோன்றும். விண்மீன் மண்டலத்தின் ஆழத்திலிருந்து வரும் அதிவேகத் துகள்களை மெல்லிய உலோகச் சுவர் தடுக்காது. தடுக்கும் அளவுக்குச் சுவர் எழுப்பினால் கப்பல் கிளம்பாது. எனவே அங்கே இருக்கும் நாட்களைக் குறைப்பதுதான் நேரான வழி. வேகம் இங்கே ஆடம்பரம் இல்லை, மருந்து.

சுண்டைக்காயும் சுமைகூலியும்

சாதாரண ராக்கெட்டால் ஏன் வேகமாகப் போக முடியவில்லை? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதைதான். எரிபொருளைத் தூக்கிப் போக எரிபொருள், அதைத் தூக்க இன்னும் எரிபொருள். ரஷ்ய ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி 1903லேயே இதைச் சூத்திரமாக எழுதிவிட்டார். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்கும் நல்ல எஞ்சினில் புகை வெளியேறும் வேகம் நொடிக்குச் சுமார் 4.4 கிலோமீட்டர். கப்பலின் வேகத்தை நொடிக்கு 10 கிலோமீட்டர் கூட்ட வேண்டுமென்றால், கிளம்பும்போது மொத்த எடையில் 90 சதவீதம் எரிபொருளாக இருக்க வேண்டும்.

அயனி எஞ்சின் வேறு மாதிரி. செனான் போன்ற வாயுவை மின்னேற்றி, மின்புலத்தால் வெளியே தள்ளுகிறது. தள்ளும் வேகம் நொடிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதே 10 கிலோமீட்டருக்கு 28 சதவீத வாயு போதும். எவ்வளவு பெரிய மிச்சம்!

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 1998ல் கிளம்பிய டீப் ஸ்பேஸ் 1 இதைச் செய்து காட்டியது. 2007ல் கிளம்பிய டான் விண்கலம், 2011ல் வெஸ்டாவையும் 2015ல் சீரஸையும் சுற்றி வந்தது. பூமியைத் தாண்டி இரண்டு வேறு உலகங்களின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்த முதல் விண்கலம் அது. சாதாரண எரிபொருளில் அந்த அளவு கலத்தால் நினைத்தே பார்க்க முடியாத வேலை.

ஆனால் டானின் எஞ்சின் தந்த தள்ளுவிசை ஒரு காகிதத் தாள் உள்ளங்கையில் தரும் அழுத்தம் அளவுதான். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்துக்கு வர நான்கு நாள் ஆகும். மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து வந்தது. பூமிக்குப் பக்கத்தில் 10 கிலோவாட் கொடுத்த தகடுகள், சூரியனிலிருந்து மூன்று மடங்கு தூரத்தில் 1.3 கிலோவாட்தான் கொடுத்தன. ஆளில்லாத கலம் பொறுமையாகப் போகலாம், மனிதர்கள் போகிற கப்பல் அப்படிப் போக முடியாது. இங்கேதான் அணு உலை கதைக்குள் வருகிறது.

200 டன் கப்பலுக்கு ஒரு கணக்கு

கூட்டல் பெருக்கல் தெரிந்த யாரும் இதைச் சரிபார்க்கலாம். கப்பலின் மொத்த எடை 200 டன் என்று வையுங்கள். அணு உலை தரும் மின்சாரம் 1 மெகாவாட். எஞ்சின் அதில் 65 சதவீதத்தைத் தள்ளுவிசையாக மாற்றுகிறது. கிடைக்கும் விசை சுமார் 43 நியூட்டன். அதாவது கையில் ஒரு நாலரைக் கிலோ அரிசிப் பையைத் தூக்கினால் எவ்வளவு கனமோ அவ்வளவு! 200 டன் கப்பலை இது தள்ளி, வேகத்தை நொடிக்கு 10 கிலோமீட்டர் கூட்ட எவ்வளவு நாள் ஆகும்? சுமார் 460 நாள். செவ்வாய்க்கு அவசரமாகப் போகக் கிளம்பியவர் வேகம் எடுத்து முடிக்கவே ஒன்றேகால் வருடம்.

சரி, மின்சாரத்தை 10 மெகாவாட்டாக உயர்த்துவோம். 460 நாள் 46 நாளாகிவிடும். அருமை! ஆனால் அந்த 10 மெகாவாட் கருவியின் எடை என்ன?

மொத்த விஷயமும் இந்த ஒரு கேள்வியில்தான் தொங்குகிறது. ஒரு கிலோவாட்டுக்கு 20 கிலோ என்றால் அணு உலை அமைப்பே 200 டன். கப்பலின் முழு எடையும் அதற்கே போய்விட்டது. ஆட்களுக்கும் இடமில்லை, சாப்பாட்டுக்கும் இடமில்லை, செனானுக்கும் இடமில்லை. கிலோவாட்டுக்கு 5 கிலோ என்றால் 50 டன். கப்பல் பிழைத்துக்கொள்ளும்.

இப்போது 39 நாள் கணக்குக்கு வாருங்கள். கிலோவாட்டுக்கு 20 கிலோ என்ற நிலையில் 200 மெகாவாட் கருவி 4000 டன் எடை இருக்கும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் எடை சுமார் 420 டன். அதைப் போல ஒன்பது நிலையங்களின் எடை, மின்சாரத்துக்கு மட்டும்! வாசிமர் எஞ்சினில் பொய் ஒன்றும் இல்லை. 2009ல் தரைச் சோதனையில் அது 200 கிலோவாட் சக்தியில் ஓடியது. 2021ல் 80 கிலோவாட்டில் 88 மணி நேரம் தொடர்ந்து ஓடியது. வண்டி தயாராகி வருகிறது, அதை இழுக்கும் மாடு இன்னும் பிறக்கவில்லை.

இந்த 20 கிலோ என்பதே இன்று கையில் இருக்கிற எண் இல்லை, எட்ட வேண்டிய இலக்கு. நாசாவின் கிலோபவர் திட்டத்தில் வடிவமைக்கப்பட்ட 10 கிலோவாட் உலையின் எடை சுமார் 1500 கிலோ. கிலோவாட்டுக்கு 150 கிலோ ஆகிறது. பெரிதாகக் கட்டினால் இந்த விகிதம் குறையும் என்பது உண்மைதான், ஆனால் தானாகக் குறைந்துவிடாது.

வெந்நீர் ஃபிளாஸ்க்குக்குள் ஓர் அணு உலை

எடை எங்கிருந்து வருகிறது? யுரேனியத்திலிருந்து என்று நினைத்தால் தவறு. யுரேனியம் மொத்த எடையில் சின்னப் பங்குதான். பெரிய பங்கு வெப்பத்தை வெளியேற்றும் ரேடியேட்டர்களுக்கும் மற்ற கருவிகளுக்கும் போகிறது.

அணு உலை நேரடியாக மின்சாரம் தருவதில்லை, வெப்பம்தான் தருகிறது. அதில் கால் பங்கு மின்சாரமானால் நல்ல தேர்ச்சி. 1 மெகாவாட் மின்சாரம் வேண்டுமென்றால் 4 மெகாவாட் வெப்பம் உண்டாக்கி, 3 மெகாவாட்டை வெளியே கொட்ட வேண்டும். பூமியில் இது பிரச்சினையே இல்லை. கல்பாக்கம் அணு மின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கடல் இருக்கிறது. விண்வெளியில் கடலும் இல்லை, காற்றும் இல்லை. வெந்நீர் ஃபிளாஸ்க்கில் சூடு ஏன் போகாமல் நிற்கிறது? சுவர்களுக்கு நடுவே வெற்றிடம். விண்வெளியோ எல்லையில்லாத ஃபிளாஸ்க். "விண்வெளி குளிர்ச்சியானதுதானே" என்பவர்கள் மறப்பது இதைத்தான். கதிராக வெளியேறும் வெப்பம் மட்டுமே போகும், அதற்கு அகன்ற பரப்பு வேண்டும்.

227 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் ஒரு சதுர மீட்டர் தகடு, ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் மூன்றரை கிலோவாட் வெளியேற்றும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 7. அப்படிப் பார்த்தால் 3 மெகாவாட்டுக்கு 430 சதுர மீட்டர். இது எந்தக் குறையும் இல்லாத தகட்டுக்குப் போட்ட கணக்கு. நிஜத்தில் குளிர்விக்கும் திரவம் சுற்றி வரும்போது சூடு குறையும், குழாய் வேண்டும், பம்ப் வேண்டும், விண்கல் துகள் குத்தினால் தாங்க வேண்டும். அதனால் பரப்பு பல மடங்கு கூடும். நாசாவின் லாங்லி ஆய்வு மையம் 2025ல் விவரித்த ரேடியேட்டர் அமைப்பு, முழுதாக விரித்தால் ஏறக்குறைய ஓர் அமெரிக்கக் கால்பந்து மைதானம் அளவு. எந்த ராக்கெட்டின் மூக்கிலும் அது அடங்காது. துண்டு துண்டாக அனுப்பி, விண்வெளியில் ரோபோக்கள் பூட்ட வேண்டும் என்பதே அவர்கள் யோசனை.

பழைய ஆட்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1957ல் வால்ட் டிஸ்னி நிறுவனம் எடுத்த ஒரு தொலைக்காட்சிப் படத்தில், எர்ன்ஸ்ட் ஸ்டூலிங்கர் வடிவமைத்த அணு மின்சாரக் கப்பல்கள் செவ்வாய்க்குப் போகும். பார்க்க விரித்த குடை மாதிரி இருக்கும். ஏன் குடை? அந்தக் குடை முழுக்க ரேடியேட்டர்! இன்றைக்கு இணையத்தில் வரும் பளபளப்பான படங்களில் அணுக் கப்பல்கள் கத்தி மாதிரி ஒல்லியாக இருக்கின்றன. 1957ல் வந்த பொழுதுபோக்குப் படத்தில் இருந்த நேர்மை பல படங்களில் இல்லை.

ஆரம்பிப்பதும் நிறுத்துவதும்

இவ்வளவு கடினம் என்றால் விட்டுவிடலாமா? வேண்டாம். ஏனென்றால் இந்தப் பாதையில் யாரும் தொடர்ந்து நடந்து பார்க்கவே இல்லை.

1965 ஏப்ரலில் அமெரிக்கா ஸ்னாப்-10ஏ என்ற அணு உலையைச் சுற்றுப்பாதைக்கு அனுப்பியது. சுமார் 500 வாட் மின்சாரம் கொடுத்தது. கூடவே ஒரு சின்ன அயனி எஞ்சினையும் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். 43 நாளில் எல்லாம் நின்றது. பழுதானது அணு உலை இல்லை, விண்கலத்தின் மின்னழுத்தச் சீராக்கி. அடுத்த முறை அதைச் சரிசெய்து அனுப்பியிருக்கலாம். அடுத்த முறை என்ற ஒன்று வரவே இல்லை. அதன் பிறகு அமெரிக்கா விண்வெளியில் ஓட்டிய அணு உலை எதுவும் 2025 வரை கிடையாது. அறுபது வருடம்!

முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1983ல் ஆரம்பித்த எஸ்பி-100 திட்டத்தில் 100 கிலோவாட் உலை வருவதாக இருந்தது. 1990களில் கைவிட்டார்கள். 2003ல் பிரமீதியஸ் திட்டம். வியாழனின் பனி நிலவுகளுக்கு 200 கிலோவாட் அணு உலையோடு ஒரு கலம். 40 கோடி டாலருக்கு மேல் செலவழித்த பிறகு 2005ல் நிறுத்தினார்கள். 2023ல் டிராகோ என்ற, அணு வெப்பத்தால் ஹைட்ரஜனைச் சூடாக்கித் தள்ளும் ராக்கெட்டை அறிவித்தார்கள். அது 2025ல் ரத்து. ஒவ்வொரு முறையும் பொறியாளர்கள் வேறு வேலைக்குப் போகிறார்கள், கற்ற பாடம் கோப்புகளுக்குள் போகிறது. பத்து வருடம் கழித்து வேறு ஒரு குழு அ, ஆவிலிருந்து ஆரம்பிக்கிறது.

அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2021 அறிக்கையில் இதைப் பூசி மெழுகாமல் சொன்னது. பல பத்தாண்டுகளாகக் குறைவாகவும் விட்டு விட்டும் பணம் ஒதுக்கியதால், இப்போது மும்முரமாக இறங்கினால்கூட 2039 செவ்வாய்ப் பயணத்துக்கு அணு மின்சாரக் கப்பல் தயாராகுமா என்பது தெளிவில்லை என்பதே அதன் முடிவு. காரணமாகச் சொன்னது இயற்பியலை அல்ல, நின்று நின்று வந்த பண ஒதுக்கீட்டை.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. கிலோபவர் குழு ஒரு சின்ன உலையை 2018ல் நெவாடா பாலைவனத்தில் முழுச் சக்தியில் ஓட்டி, 28 மணி நேரச் சோதனையை முடித்தது. மொத்தச் செலவு 2 கோடி டாலருக்கும் குறைவு. பிரமீதியஸ் காகிதத்தில் செலவழித்ததில் இருபதில் ஒரு பங்கு!

பயம் நியாயமானதுதான்

மக்கள் பயப்படுவதைக் கேலி செய்வது இந்த விஷயத்தில் ஒரு நாகரிகமாகிவிட்டது. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. சோவியத் யூனியன் 30க்கும் மேற்பட்ட அணு உலைகளை ராடார் உளவுக் கலங்களில் அனுப்பியது. அதில் ஒன்றான காஸ்மாஸ் 954, 1978 ஜனவரி 24 அன்று கனடாவின் வடமேற்குப் பகுதியில் விழுந்து, கதிரியக்கத் துண்டுகளைப் பனியெங்கும் சிதறடித்தது. கனடா 60 லட்சம் டாலர் கேட்டது, பாதிதான் கிடைத்தது. அங்கே வாழ்ந்தவர்களை யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை.

அதற்கு விடையும் அந்த விபத்திலேயே இருக்கிறது. அந்த உலை தாழ்வான பாதையில் ஓடி, ஓடிய பிறகு விழுந்தது. ஓடாத உலையில் இருக்கும் யுரேனியத்தின் கதிரியக்கம் மிகக் குறைவு. ஆபத்தான பிளவுப் பொருட்கள் உலையை இயக்கிய பிறகுதான் உருவாகின்றன. எனவே பூமியைவிட்டுப் போதுமான உயரம் சென்ற பிறகே உலையை இயக்க வேண்டும், இயக்கிய உலையைத் தாழ்ந்த பாதைக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. சுற்றுப்பாதையை அடையும் முன் உலையை இயக்கக் கூடாது என்று ஐ.நா. 1992லேயே கோட்பாடு வகுத்திருக்கிறது. இதைச் சட்டமாகவும், வெளியாட்கள் சோதிக்கக்கூடிய நடைமுறையாகவும் ஆக்கினால் பயத்துக்கு மரியாதையான பதில் கிடைக்கும். "ஒன்றும் ஆகாது, நம்புங்கள்" என்பது பதில் ஆகாது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

ராபர்ட் ஸுப்ரின் போன்றவர்கள், ஆறு மாதப் பயணம் தாங்கக்கூடியதுதான், வராத எஞ்சினுக்காகக் காத்திருந்தால் செவ்வாய்க்கே போக மாட்டோம் என்கிறார்கள். இதில் பாதி நியாயம் இருக்கிறது. முதல் பயணத்தை அணு மின்சாரத்துக்காக நிறுத்திவைப்பது முட்டாள்தனம். ஆனால் ஒரு முறை போய்க் கொடி நட்டுத் திரும்புவதோடு கதை முடியாது. திரும்பத் திரும்பப் போக வேண்டுமென்றால், ஒவ்வொரு குழுவையும் வாழ்நாள் கதிர்வீச்சு வரம்புக்கு மேல் அனுப்பிக்கொண்டே இருக்க முடியாது.

எனவே படிகளைச் சின்னதாக வைக்க வேண்டும். 2025 ஆகஸ்ட்டில் நாசா, நிலவில் வைக்க 100 கிலோவாட் அணு உலை வேண்டும் என்று இலக்கு வைத்தது. அது நல்ல படிதான், பாதியில் நிறுத்தாமல் இருந்தால். அடுத்து, பத்திலிருந்து நூறு கிலோவாட் வரையிலான ஓர் உலையை ஆளில்லாத சரக்குக் கலத்தில் பூட்டி, அயனி எஞ்சினோடு வருடக்கணக்கில் ஓட்ட வேண்டும். சரக்குக்கு அவசரம் இல்லை. செவ்வாய்க்கு முன்கூட்டியே சாப்பாடும் கருவிகளும் போய்ச் சேர்ந்தால் போதும். அந்தப் பயணங்களில் ரேடியேட்டர் எங்கே ஒழுகுகிறது, விசையாழி எத்தனை வருடம் தாங்குகிறது, ஒரு கிலோவாட்டுக்கு எத்தனை கிலோ குறைக்கலாம் என்பதெல்லாம் தெரிய வரும். ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆளில்லாமல் ஓடிக் காட்டாத உலையை நம்பி நான்கு மனிதர்களைக் கோடிக்கணக்கான கிலோமீட்டர் அனுப்புவது அறிவியல் ஆகாது, சூதாட்டம்.

இதற்கெல்லாம் பரபரப்பான தலைப்பு கிடைக்காது. "கிலோவாட்டுக்கு 150 கிலோ 80 ஆகக் குறைந்தது" என்று எந்தப் பத்திரிகையும் முதல் பக்கத்தில் போடாது. ஆனால் செவ்வாய்க்குப் போகும் பாதை அந்த எண்ணில்தான் இருக்கிறது. அடுத்த முறை 39 நாள், 45 நாள் என்று ஒரு செய்தி வந்தால் நாட்களை விட்டுவிடுங்கள். இரண்டே கேள்வி கேளுங்கள்: அந்த உலை கிலோவாட்டுக்கு எத்தனை கிலோ? அதற்கான பணம் அடுத்த ஆட்சியிலும் வருமா? இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் அது திட்டம். இல்லாவிட்டால் அது வெறும் படம்.